ஐந்தாவது துளை

நாலாவது துளையிலும் நல்ல மண்தான் வந்தது. ஸாஜித் இரும்புக் கோலை முறுக்கி முறுக்கி இறக்கி, ஆறடி ஆழத்து ஈர மணலை எடுத்துத் தட்டில் கொட்டினான். வெள்ளை மணல், இடையிடையே சிப்பித் துண்டுகள். கம்சாயினி குனிந்து பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு கபில நிறப் போத்தலில் நிரப்பி, இலக்கமெழுதி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். வரைபடத்தில் குறித்திருந்த இடங்கள் அவ்வளவுதான்.

“இனிப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில ஒரு போத்தல் எடுத்தாச் சரி, ஐயா” என்றாள்.

கோணாமலை தலையாட்டினார். அந்தக் காணிக்கு அவர்தான் காவல். வயலுக்கு அடிக்கும் பூச்சி எண்ணெயும் களைகொல்லியும் விற்ற கம்பனியின் களஞ்சியம் முன்பு அங்கே இருந்தது. கம்பனி மூடி வருஷங்களாயிற்று. இப்போது காணியை வீட்டுத் திட்டத்துக்கு எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கல்லடி ஆய்வுகூடத்திலிருந்து இந்தப் பிள்ளை, உதவிக்கு ஸாஜித்தோடு, வந்திருக்கிறாள். காலையில் அவள் வரைபடத்தை விரித்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது, குறித்த நாலும் பிழையான இடங்கள் என்று. அவர் வாய் திறக்கவில்லை. பதினாலு வருஷம் திறக்காத வாய்.

பெருவெள்ளம் வந்த வருஷம் வாவி ஏறிக் களஞ்சியத்துக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் லேபல் கழன்ற போத்தல்கள், துருவேறிக் கசிந்த டிரம்கள். கொழும்புக்குத் திருப்பி அனுப்பச் செலவாகும், புதைத்துவிடுங்கள் என்றார் மனேஜர். கோணாமலையும் கூட வேலைசெய்த நல்லரத்தினமும்தான் இரண்டு நாள் குழி வெட்டினார்கள், பின்வேலியோரமாக. வேலிக்கு அந்தப் பக்கம் நல்லரத்தினத்தின் வளவு. பத்தடி தள்ளி அவனுடைய கிணறு. “உன்ட கிணறு கிட்டக் கிடக்கே” என்று கோணாமலை கேட்டதற்கு அவன் சிரித்தான். “மண் எல்லாத்தையும் திண்டுரும் மச்சான்.” அன்று வேலை முடிந்து இருவரும் அந்தக் கிணற்றில்தான் அள்ளிக் குளித்தார்கள்.

நாலாம் வருஷம் அவன் வயிற்று வருத்தமென்று படுத்தான். வயிறு வீங்கி, உடம்பு குச்சியாகி, ஏழு மாதத்தில் போனான். என்ன வருத்தமென்று டொக்டர்மாரும் சரியாகச் சொல்லவில்லை. சவம் எடுத்த அன்று யாரோ ஒரு செம்பு தண்ணீரைக் கோணாமலையிடம் நீட்டினார்கள். அவரால் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அன்றிலிருந்து, காற்றில்லாத மத்தியானங்களில் வேலிப்பக்கம் போனால் மண்வெட்டி விழும் சத்தம் கேட்கும். ஒன்றல்ல, இரண்டு மண்வெட்டிகள், மாறி மாறி. காவல் கொட்டிலை அவர் காணியின் மறுமூலைக்கு மாற்றிக்கொண்டார்.

நல்லரத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை மூவரையும் முற்றத்திலேயே வரவேற்றாள். கம்சாயினி கிணற்றில் அள்ளிப் போத்தலை நிரப்புவதற்குள் உள்ளே போய் இரண்டு கோப்பைகளில் வெறும் தேநீர் கொண்டுவந்தாள்.

“ஐயாவுக்கு?” என்றான் ஸாஜித்.

“அண்ணன் குடிக்கமாட்டார் தம்பி. எங்கட மனிசன் போன நாளையில இருந்து இந்த வளவில ஒரு சொட்டுத் தண்ணி அவர் வாயில வைக்கல்ல. கூடப்பிறந்தவனுக்கும் அந்தப் பாசம் இரிக்காது. என்ட பேரப்புள்ளையளுக்கும் சொல்லித்தான் வளக்கிறன்.”

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். ஸாஜித் கோப்பையை ஊதி ஊதி உதட்டருகே கொண்டுபோனான்.

“குடிக்காத!”

அது தன் குரல்தான் என்பது கத்திய பிறகே அவருக்குத் தெரிந்தது. தேநீர் ஸாஜித்தின் கையில் சிந்தியது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அதக் கீழ வை, தம்பி. மிஸ், நீங்க தோண்டினது ஒண்டும் சரியான இடமில்ல. வாங்க, காட்டுறன்.”

வேலியோரம், நாயுருவி மண்டிய இடத்தில் போய் நின்றார். ஸாஜித் கோலை இறக்கினான். மூன்றடி வரை வெள்ளை மணல். நாலாம் அடியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம். கோலை மேலே இழுத்தபோது மணல் கறுப்பாக இருந்தது. கூடவே அந்த வாடை வந்தது. பதினாலு வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் கொஞ்சமும் பழசாகாத வாடை. கம்சாயினி முகக்கவசத்தை இழுத்துவிட்டு, “தள்ளி நில்லுங்க எல்லாரும்” என்றாள்.

சீதேவிப்பிள்ளை தள்ளி நிற்கவில்லை. வேலியைப் பிடித்தபடி கேட்டாள்:

“அவருக்கும் தெரியுமா?”

“ஓம் தங்கச்சி. ரெண்டு பேருந்தான் வெட்டின.”

“தெரிஞ்சும் அவர் குடிச்சார்.”

“ஒண்டும் செய்யாதெண்டு நம்பினான். நானும் அப்ப நம்பினன்.”

“மறுகா, அவர் போனதும், நீங்க நம்பல்ல.” அவள் குரல் உயரவில்லை. “அதுக்குப் பிறகும் பத்து வருஷம் நாங்க குடிச்சம். நீங்க பாத்துக்கொண்டு இரிந்தீங்க.”

கம்சாயினி இடையில் வந்தாள். “அம்மா, இதாலதான் அவர் வருத்தம் வந்து மோசம்போனாரெண்டு என்னால சொல்ல ஏலாது. முடிவு வர மூணு கிழமையாகும். அதுவரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீங்க. தண்ணி பவுசர் அனுப்பச் சொல்லி இண்டைக்கே எழுதுறன்.”

சீதேவிப்பிள்ளை கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் போனாள். குடத்தைத் தூக்கிவந்து முற்றத்தில் கவிழ்த்தாள். கேத்தலைக் கவிழ்த்தாள். பள்ளியால் வரும் பிள்ளைகளுக்கென்று ஆக்கிவைத்த சோற்றைப் பானையோடு கொட்டினாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள்.

கம்சாயினியின் வாகனம் போய்விட்டது. கோணாமலை வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார். அவள் அள்ளினாள், ஊற்றினாள். மீண்டும் அள்ளினாள், ஊற்றினாள், கிணற்றையே இறைத்து முடிக்கப்போகிறவள் போல. ஊற்றுகிற தண்ணீர் திரும்பவும் கீழேதான் போகிறது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். மணல் ஒவ்வொரு வாளியையும் ஒரு நொடிகூடத் தேங்கவிடாமல் உறிஞ்சியது. ஈர வட்டம் மங்குவதற்குள் அடுத்த வாளி விழுந்தது.