நேராக வெடித்த ஓஸ் பைப்

…எஞ்சின் என்று ஏன் சொல்லித் தொலைத்தோம், கிளட்ச் என்று சொல்லியிருக்கலாம், அதை எவனும் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் போனில் சங்கத் தலைவர் “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டதும் வாய் தானாக “எஞ்சின் ஒரு மாதிரி சத்தம் போட்டுது தலைவரே, அப்படியே நின்னுபோச்சு” என்று உளறிவிட்டது. சத்தமாவது ஒன்றாவது… இரண்டு விக்கல் விக்கிவிட்டு வண்டி நல்ல பிள்ளையாகச் சாலையோரம் ஒதுங்கி நின்றது, டேங்கில் ஒரு சொட்டு டீசல் இல்லை, அவ்வளவுதான். டீசல் காட்டும் முள் வண்டி வாங்கிய நாளிலிருந்து பாதியிலேயே நிற்கும், குச்சி விட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும், இன்றைக்குக் குச்சி விடவில்லை. கிளம்பும்போது வீட்டுக்காரி வாசலில் நின்று, “டீசல் பாத்தீங்களா?” என்றாள். “காலங்காலமா வண்டி ஓட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?” கேட்கவேண்டிய கேள்விதான் போலிருக்கிறது… பின்னால் முழு லோடு ஐஸ் கட்டி, படகுத்துறையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாய் வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போயிற்று, இந்த லோடால் இன்றைக்கு இதுவரை பயனடைந்த ஜீவன் அது ஒன்றுதான்.

லாரிக்காரன் வீட்டில் யாராவது படுத்துவிட்டால் மற்ற லாரிக்காரர்கள் பழத்தோடு வருவார்கள், வண்டி கவிழ்ந்தால் கயிற்றோடு வருவார்கள், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டால்கூட நாலு பேர் சேர்ந்து போய்ச் சமாதானம் பேசி அழைத்து வருவார்கள், ஆனால் டீசல் தீர்ந்து நடுரோட்டில் நின்றவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. இது யார் போட்ட சட்டம்? இதோ, காலி டேங்கோடு நிற்கிற இவர் போட்டதுதான். லாரிக்காரர் சங்கத்தில் எல்லோரும் இவரை ரேடியோ என்பார்கள், நிறுத்தினாலும் நிற்காது என்பதால். சில வருஷம் முன்னால் ஒரு பையன், புதிதாக வண்டி வாங்கியவன், டீசல் தீர்ந்து மேட்டில் நின்றுவிட்டான், அன்று சாயங்காலமே ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. முதலில் உள்ளது உள்ளபடிதான் சொன்னார். அப்புறம் அவன் வண்டியைக் கெஞ்சியதாகச் சேர்த்தார், அப்புறம் திட்டியதாக, கடைசியில் டேங்குக்குள் தலையை விட்டு ‘உள்ள யாராச்சும் இருக்கீங்களா?’ என்று கூப்பிட்டதாகவும் உள்ளேயிருந்து ‘யாரும் இல்ல’ என்று பதில் வந்ததாகவும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குக் காலி டேங்க் என்று பெயர், சுருக்கமாகக் காலி. அவனும் சிரித்தான், எப்போதும் சிரிப்பான், கதையில் ஒரு இடம் விட்டுப்போனால், “அண்ணே, தலைய விட்டத சொல்லலியே” என்று எடுத்துக்கூடக் கொடுப்பான்… அது சிரிப்புத்தானே? அவனுக்கு மகள் பிறந்ததும் ‘அரை டேங்க்’ என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, அதுவும் இவர்தான். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அங்கேயும் அந்தப் பெயர் போயிருக்குமா… போகாமல் இருக்குமா, லாரிக்காரர் பிள்ளைகள்தானே பாதிப் பேர்.

தொலைவில் இரண்டு லாரி தெரிந்தது. எவனாவது டிராக்டர்காரன் இந்தப் பக்கம் வந்திருந்தால் ஒரு கேன் வாங்கி ஊற்றிவிட்டு ‘தானா சரியாயிடுச்சு தலைவரே’ என்று சொல்லியிருக்கலாம், வரவில்லை, இவர்கள்தான் வந்தார்கள், கூப்பிட்டால் இப்படித்தான் வந்து நிற்பார்கள், லோடுக்கு வரிசையில் நின்ற வண்டியை உருவிக்கொண்டு, போன முறை செய்த உதவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். முன்வண்டியில் காலி. பின்வண்டியில் தலைவரும் சுமை ஏற்றுகிற இரண்டு பேரும். உலகத்தில் இத்தனை லாரி இருக்க இவன் வண்டியா முதலில் வரவேண்டும்…

“சத்தம் எப்படி இருந்துது? டக்டக்குனா, கரகரன்னா?” என்றார் தலைவர்.

“ரெண்டும் கலந்த மாதிரி” என்றார் ரேடியோ.

“அப்ப எஞ்சினப் பிரிச்சிடணும். மொதல்ல ஐஸ மாத்துவோம், பின்பக்கமும் பின்பக்கமும் சேத்து நிறுத்துங்க.”

பிரிப்பதா… ஒரு குறையும் இல்லாத எஞ்சினை, இவருடைய வாயைக் காப்பாற்றுவதற்காகப் பிரித்துக் கோணிமேல் பரப்பப் போகிறார்கள், இப்போதாவது சொல்லிவிடு, சொன்னால் என்ன, உயிரா போய்விடும்? இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ரேடியோ வேலை செய்யவில்லை. காலி அதற்குள் டேங்குப் பக்கம் குனிந்திருந்தான். ஸ்பேனரால் ஒரு தட்டு, லேசாகத்தான் தட்டினான், வெறும் அண்டாவைத் தட்டியதுபோல ஊருக்கே கேட்டது… ஊருக்குக் கேட்கவில்லை, ஐஸ் கட்டி உருட்டுகிற சத்தத்தில் இரண்டு பேருக்குத்தான் கேட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பான் என்று ரேடியோ காத்திருந்தார், சிரித்திருந்தால் தேவலை.

“எவ்ளோ இருக்கும்ணே டீசல்?”

“பாதி இருக்குமே” என்றது வாய்.

“சரி. நீங்க அந்தப் பக்கம் போய் ஐஸப் பாருங்க. இங்க நான் பாத்துக்கறேன்.”

ரேடியோ போகவில்லை, குனிந்து பார்த்தார். காலி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான், எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற ஓஸ் பைப்பைக் கழற்றினான், நல்ல பைப், போன மாதம் போட்டது, சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து அதில் நீளவாக்கில் ஒரு கீறல், வெண்டைக்காயைக் கீறுவதுபோல, அவ்வளவு சாவதானம். பிறகு மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டி வெளியே வந்து கையை உயர்த்தினான்.

“தலைவரே, ஐஸ நிறுத்துங்க. ஓஸு வெடிச்சிருக்கு, வழியெல்லாம் டீசலக் கொட்டிட்டே வந்திருக்கு வண்டி. பாவம் அண்ணனுக்கு எப்படித் தெரியும்?”

தலைவர் வந்தார், பைப்பை வாங்கினார், வெடிப்பை இரண்டு விரலால் பிதுக்கினார், நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார், கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல நேராக இருந்தது அது. மோந்துகூடப் பார்த்தார். போச்சு, என்று ரேடியோ கண்ணை மூடிக்கொண்டார்.

“ரப்பரு இப்பல்லாம் சரியில்ல” என்றார் தலைவர், பைப்பைத் தூர எறிந்துவிட்டு. “என் வண்டிலயும் போன வெயிலுக்கு இதே எடத்துல போச்சு. என்ன ரேடியோ, ஒண்ணும் பேசாம நிக்கற, பயந்துட்டியா?”

சுமைக்காரர்கள் சிரித்தார்கள், காலி தன் வண்டியிலிருந்து வேறு பைப்பும் டீசல் கேனும் எடுத்து வந்தான், ஊற்றினான், குழாயில் புகுந்த காற்றை எடுக்கக் கைப்பம்பை அடித்தான், “ம், போடுங்கண்ணே” என்றான், சாவியைத் திருப்பியதும் வண்டி வெட்கமில்லாமல் கிளம்பியது. ரேடியோவுக்கு வந்த ஒரே வார்த்தை, “வரேன்பா.” துறையை நோக்கி ஓட்டினார், முன்னால் தலைவர் வண்டி, அதற்கும் முன்னால் காலி வண்டி… போன வெயிலுக்கு இதே இடத்தில் என்றாரே தலைவர், ஆமாம், அன்றைக்கு இவரும்தான் போயிருந்தார், அந்தப் பைப்பைக் கையில் வாங்கி ரப்பர் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார், அந்த வெடிப்பும் நேராகத்தானே இருந்தது? அதற்கு முன்னால் மணல் வண்டிக்காரருக்கு, அப்புறம் அந்த இரட்டைச் சகோதரர்களுக்கு… இந்த ஊர்ச் சாலையில் வெடிக்காத ஓஸ் பைப் யாரிடம் இருக்கிறது, எல்லோருக்கும், முதலில் வந்து சேர்ந்தவன் கத்தியால், வெடித்திருக்கிறது, காலி ஒருவனுக்கு மட்டும் வெடிக்கவில்லை, ஏன்… அவன் வண்டி நின்ற மேட்டில் அன்று முதலில் போய்ச் சேர்ந்தது யார், நாம்தான், அவன் வியர்த்து ஒழுக எழுந்து நின்றான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், நாம் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு வெள்ளரிக்காய் நறுக்கித் தின்றபடியே சிரித்தோம்… வெள்ளரிக்காய் என்றால், அப்படியானால் கத்தி… கையில் கத்தி இருந்ததா அன்றைக்கு?