உப்பைத் தொட்டு எடுத்த படம்

கிட்ட வாருங்கள், என் கண்மணிகளே. பாயின் ஓரத்தில் இருப்பவர்களும் இப்படி நகர்ந்து வாருங்கள். ஒரு கதை சொல்லப் போகிறேன், உரக்கச் சொல்லக்கூடிய கதை இல்லை.

சாய்ந்தமருதில் அடுத்தடுத்த வளவு வீடுகளில் சபூறாவும், அவளை அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடும் நஸ்லாவும் இருந்தார்கள். சபூறாவின் புருஷன் றிம்சான், நஸ்லாவின் புருஷன் ஹாதிக். அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே போட்டில் கடலுக்குப் போய்ப் பத்தொன்பது நாளாகத் திரும்பவில்லை. இருபதாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. அலைந்து திரிந்த போட்டிலிருந்து தூரதேசத்துக் கப்பலொன்று ஒருவரை உயிரோடு எடுத்திருந்தது. ஒருவரைத்தான்.

தாடி மண்டி, வெயிலில் வீங்கி, யாரென்றே சொல்ல முடியாத முகம். நினைவில்லை, பேச்சில்லை. கப்பல் கரை சேர ஆறு நாளாகும், அதுவரை வேறு தகவல் இல்லை என்றார்கள்.

றிம்சானுக்கு இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் சிவந்த மறு உண்டு. ஹாதிக்குக்கு இல்லை. படத்தில் இடப்பக்கக் கழுத்து தெரிந்தது. ஆனால் கப்பலின் செம்மஞ்சள் கூரை போட்ட உயிர்காப்புப் படகுக்குள் வைத்து எடுத்த படம் அது. முகம், கழுத்து, போர்வை எல்லாமே பப்பாசிப்பழ நிறம். அதற்குள் சிவப்பு மறுவை எங்கே தேடுவது?

சபூறா நஸ்லாவின் கையைப் பிடித்துக் கல்முனைக்கு, எல்லாருக்கும் அண்ணன் முறையான றவூப் காக்காவின் போட்டோ ஸ்டூடியோவுக்கு, இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெருப்பித்தார். "இதில வெள்ளையான சாமான் ஒண்டக் காட்டுங்க. இதான் வெள்ளை எண்டு நான் காட்டிக் குடுத்தா, மத்த நிறமெல்லாம் தன்னால நேராகும்."

"பனியன்," என்றாள் நஸ்லா.

அவர் பனியனைத் தொட்டார். படம் முழுக்க நீலம் பாய்ந்து, கிடந்தவர் மையித்தாக, வெறும் பிணமாகவே ஆகிப் போனார். "யா அல்லாஹ்!" நஸ்லா முகத்தைப் பொத்தினாள்.

"கடலுக்குப் போறவன்ட பனியன் எங்கடி வெள்ளை?" சபூறா சீறினாள். "அத வெள்ளை எண்டு நம்பித்தான் இத்தின வருஷமாத் தோய்ச்சியா?"

"நீங்க மட்டும் என்னத்தக் கிழிச்ச, லாத்தா?"

அந்த நேரத்திலும் காக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தார்.

சபூறா திரையோடு முகத்தை ஒட்டினாள். தாடி மயிரில் சின்னச் சின்னப் பொருக்கு. கருவாடு போடுகிறவளுக்கு அது தெரியாதா? "காக்கா, இது உப்பு. இதத் தொடுங்க."

தொட்டார். செம்மஞ்சள் வடிந்தது. தோல் தோலாக வந்தது, உதடு உதடாக வந்தது. கழுத்தும் வந்தது.

கழுத்தில் ஒன்றுமில்லை.

"சிவப்பக் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார்.

"இன்னும்."

காதுமடலின் நிழல் சிவந்தது. "அந்தா! அந்தா தெரியிது!"

"மகள், இவ்வளவு கூட்டினா எல்லாந்தான் சிவக்கும். போர்வையப் பாருங்க."

"கூட்டுங்க காக்கா. உங்களுக்குக் கோடி நன்மை கிடைக்கும். சின்ன மறுதானே, காக்கா..."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். நஸ்லா மூச்சுவிடவும் பயந்து நின்றாள். சிரித்தால் பாவம், அழுதால் பொய்.

சபூறா மவுஸைத் தன் பக்கம் இழுத்து, "எதால குறைக்கிற?" என்று கேட்டாள். அவர் காட்டினார். அவளே குறைத்தாள். போர்வை வெளுத்தது. நிழல் நிழலானது. கழுத்து வெறும் கழுத்தானது.

"நஸ்லா."

"நான் ஒண்டும் செல்லல்லியே, லாத்தா."

"செல்லு புள்ள. உன்ட ஆள்தான். அல்ஹம்துலில்லாஹ் செல்லு. எனக்கு வாய் வருகுதில்ல, நீ செல்லு."

நஸ்லா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னாள்.

"எனக்கும் ஒரு படம் அடிச்சித் தாங்க, காக்கா," என்றாள் சபூறா. "இவரு கண் முழிக்கட்டும். என்ட ஆள எங்க விட்ட எண்டு இவருக்கிட்டத்தானே நான் கேக்கோணும்."

என் பிள்ளைகளே, உங்கள் வாசலைத் தாண்டிப் போனவர்களை எல்லாம், சோறு ஆறுமுன்னே அல்லாஹ் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு தலையும் குறையாமல் அருள் பொழிந்து பறக்கத்துச் செய்யட்டும். ஆமீன்.