மல்லேனாவின் அறுபதாவது பிறந்தநாள்

படகில் ஏறிய இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே, இன்றைய பொழுது உருப்படாது என்று போனாரியாவுக்குத் தெரிந்துவிட்டது. காலா கொனோனே துறையில் இருபத்திரண்டு வருடமாகப் படகு ஓட்டுகிறவள் அவள். வாந்தி எடுப்பவர்களைச் சமாளித்திருக்கிறாள். தேனிலவுக்கு வந்து அடித்துக்கொண்டவர்களையும் சமாளித்திருக்கிறாள். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து வந்தால் மட்டும் அவளால் முடியாது.

படகை நாள் முழுக்க அமர்த்தியவள் மல்லேனா. மலையூரில் பிறந்தாலும் முப்பது வருடம் கடலோரப் பள்ளியில் பாடம் எடுத்தவள். அன்று அவளுக்கு அறுபது நிறைந்தது. நாம் இரண்டு பேர் மட்டும் கடலில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று தம்பிகளிடம் தனித்தனியாகச் சொல்லி வரவழைத்திருந்தாள்.

பெரியவன் புஸ்தியானுவும் சின்னவன் லாரெந்துவும் பேசிப் பதினோரு வருடமாகிறது. லாரெந்து தன் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக அண்ணனை நிறுத்தாமல், கூட வேலை பார்த்த ஒருவனை நிறுத்தினான். அதில் வந்த வினை.

"நடுக்கடலுக்குப் போயிட்டா எங்க ஓடுவானுங்க?" என்று மல்லேனா போனாரியாவின் காதில் சொன்னாள்.

ஓடவில்லைதான். ஒருவன் படகின் முனையில் உட்கார்ந்தான், மற்றவன் கடைசியில். நடுவில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற போனாரியாவின் தலையில் எல்லாம் விடிந்தது. காலா லூனாக் கரையில் குகை நிழல் இருக்கும், அங்கே நிறுத்துங்கள் என்றான் பெரியவன். அங்கே சந்தைக் கூட்டம் என்று அவரிடம் சொல்லுங்கள், மரியோலுக் கரைக்குப் போங்கள் என்றான் சின்னவன். மதியத்துக்குள் மூன்று முறை நங்கூரம் போட்டு மூன்று முறை இழுத்தாள். வெள்ளைப் பாறைச் சுவர்களும் பச்சைத் தண்ணீரும் சும்மா கிடந்தன. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் புஸ்தியானு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை வெட்டி, மொறுமொறு ரொட்டியில் வைத்துப் போனாரியாவிடம் நீட்டினான். "அவனுக்கு வேணுமான்னு கேளுங்கம்மா."

"அவரு கையால வெட்டினது எனக்குத் தொண்டையில இறங்காதுன்னு சொல்லிடுங்க" என்றது பின்பக்கத்துக் குரல்.

"நான் படகோட்டி. தபால்காரி இல்ல" என்றாள் போனாரியா.

மல்லேனா தொப்பியைக் கழற்றி வைத்தாள். கையிலிருந்த முலாம்பழத் துண்டைத் தின்று முடித்தாள். படகின் விளிம்பில் ஏறி, அப்படியே தண்ணீரில் குதித்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கூப்பிட்டா வரேன். இல்லன்னா இந்தக் கரையிலயே கிடக்கேன்" என்று தண்ணீரிலிருந்து சொல்லிவிட்டு, எல்லை மிதவைகளைத் தாண்டி நீந்திப் போய் கூழாங்கல் கரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மிதவைக்கு அந்தப் பக்கம் இயந்திரப் படகு போகக்கூடாது. மணி இரண்டரை. மூன்றுக்கு மேல் கடற்காற்று எழுந்தால் நங்கூரம் நிற்காது. போனாரியா பல்லைக் கடித்துக்கொண்டு சின்ன ரப்பர் படகை இறக்கி, ஆளுக்கு ஒரு துடுப்பைக் கையில் திணித்தாள். நீ போ, நான் மாட்டேன் என்று அதையும் அவள் வழியாகவே சொல்லத் தொடங்கினார்கள். அவள் முறைத்த முறைப்பில் இருவரும் இறங்கினார்கள்.

ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளைகள். துடுப்பைத் தொட்டதே இல்லை. ரப்பர் படகு செக்குமாடு போல நின்ற இடத்திலேயே சுற்றியது.

"எதிர்ப்பக்கம் இழுக்காதடா, மடையா."

"நீ முதல்ல என்கூடச் சேர்ந்து இழு."

'சொல்லுங்க' என்ற வார்த்தை காணாமல் போனதைப் போனாரியா கவனித்தாள். நிம்மதிப்படுவதற்குள் இருவரும் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, பதினோரு வருடச் சண்டையை அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். படகு தன் பாட்டுக்குப் பாறைப் பக்கம் நகர்ந்தது. துடுப்பை வலியுங்கள் என்று அவள் தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவர்கள் பேச்சு மட்டும் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"அப்ப நீ ஜெர்மனியில ஆலை வேலையில இருந்தே. லீவு கிடைக்காதுன்னு நினைச்சேன்."

"கேட்டியா?"

லாரெந்து தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "கேக்கல."

"கேட்டிருந்தா நடந்தாவது வந்திருப்பேன்டா."

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மல்லேனா எழுந்தாள். நீந்தி வந்து, ரப்பர் படகின் கயிற்றைத் தோளில் மாட்டி, மூச்சிரைக்க அவர்களைப் பெரிய படகுக்கு இழுத்துவந்தாள். அறுபது வயசிலும் உங்களைச் சுமக்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே ஏறினாள். முன்னால் ஏறியிருந்த இரண்டு தம்பிகளும் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஏறியதும் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் காற்று. அலை முகத்தில் அறைந்தது. அண்ணன் தம்பி இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காலையைவிட இரண்டு மடங்கு சத்தமாகச் சண்டை போட்டார்கள். போனாரியாவுக்குத் தலை வெடித்தது.

துறையில் கயிறு கட்டி, இயந்திரத்தை அணைத்து, வந்து சேர்ந்தாயிற்று என்று மூன்று முறை சொன்னாள். யாரும் இறங்கவில்லை.

"பையனுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டான் புஸ்தியானு.

"தெரியாது."

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. எனக்கும் தெரியாது. அக்கா கத்துக்கொடுக்கட்டும்."

"பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான் லாரெந்து. அதில் ஒரு புதுச் சண்டை தொடங்கியது.

போனாரியா கரையில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, படகு கட்டும் கல்லின் மேல் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும், சாப்பிட்டுவிடுங்கள் என்றாள்.