சண்டைக்கு வந்த பெட்டை

ரெட்டா ஒன்று சொன்னால் புதருக்குள்ளிருந்த அந்தப் பெட்டை வான்கோழி இரண்டு சொன்னது. ஓக் மரத்தில் சாய்ந்து, மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டியிருந்த ரப்பர் விசிலால் பெட்டை வான்கோழி மாதிரியே மறுபடி கத்தினாள். புதருக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது, குழாயடிச் சண்டைக்குக் கிளம்பியவளின் குரலில். அதற்கும் அப்பால், மேட்டிலிருந்து ஒரு வான்கோழிச் சேவல் தொண்டை கிழியக் கூவியது. அவளுக்கு வேண்டியது அந்தச் சேவல்தான்.

அமெரிக்காவின் ஓசார்க் மலையில் ஏப்ரல் பிறந்து வான்கோழி வேட்டை தொடங்கிவிட்டால் ரெட்டாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஓட்டலில் தட்டு கழுவும்போதும் விசில் வாயில்தான். அப்படியும் அவள் இதுவரை சுட்டதையெல்லாம் கூப்பிட்டு வரவழைத்தவன் அண்ணன் கோல்பி. "நீ கூப்பிட்டா துருப்பிடிச்ச கதவு மாதிரி இருக்கு. சேவல் அடுத்த ஜில்லாவுக்கே ஓடிரும்டி" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். இன்றைக்கு விசிலைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தானே கூப்பிட்டு ஒன்றை வரவழைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று அவள் வந்திருந்தாள்.

இன்னும் சீண்டினாள். பெட்டை வாயைத் திறக்கும்போதே குறுக்கே கத்தினாள். சத்தம் நின்றது. புதர் அசைந்தது. இலைகளுக்கு நடுவே ஒரு மார்பு, அதில் சேவலுக்குத் தொங்கும் கறுப்பு மயிர்க்கற்றை, தாடி. சேவல்! தாடியைப் பார்த்த கண் மேலே எழுந்த தலையின் நிறத்தைப் பார்க்கவில்லை. சுட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, சாதிச்சிட்டியே!"

கோல்பி ஓடிப்போய்த் தூக்கினான். அவன் முகம் செத்துப்போனது. தலையில் சேவலுக்குரிய சிவப்பே இல்லை, காலில் முள்ளும் இல்லை.

"ரெட்டா, இது பெட்டைடி. தாடி முளைச்ச பெட்டை."

எப்போதாவது ஒன்றுக்கு அப்படி முளைக்கும், அவளுக்கும் தெரியும். இவ்வளவு நேரம் தன்னோடு மல்லுக்கு நின்றது இதுதான் என்பதும் இப்போது தெரிந்தது.

"சட்டப்படி தப்பில்ல. தாடி இருந்தா சுடலாம். விடு" என்றான்.

அவள் கத்தியை எடுத்தாள். வெயில் ஏறுமுன் வயிற்றைச் சுத்தம் செய்தாக வேண்டும். உள்ளே விட்ட கை எதிலோ முட்டி நின்றது. வெளியே எடுத்தாள். ஓடு முற்றிய முட்டை, உடம்பெல்லாம் செம்புள்ளி. ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணா, சூடா இருக்குடா."

கோல்பி குனிந்து ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தான்.

அப்போது அந்தச் சேவல் கூவியது, வெகு அருகில். கோல்பி சட்டென்று படுத்துத் துப்பாக்கியை நீட்டினான். தோகையை விரித்துக்கொண்டு அது மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"உன் சத்தத்துக்குத்தான்டி வருது," அவன் கிசுகிசுத்தான். "நிஜமா சொல்றேன், நான் தோத்துட்டேன். ஒரே ஒரு தடவ கூப்பிடு."

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கியிருந்தாள். விசில் வாயில்தான் இருந்தது. நாக்கு அதைத் தொட்டது, மூச்சு வரவில்லை. ரத்தம் படிந்த உள்ளங்கையில் முட்டை இன்னும் ஆறவில்லை.

சேவல் நின்றது. தோகையை மடக்கி, பதிலுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.