எல்லாக் கோடுகளும் அப்பாவிடம்

“உன் கைய விட்டதும் பெட்டி யார்கிட்டம்மா போகுது?”

துனிஸிலிருந்து வந்திருந்த ஒல்ஃபா மேடம் என்னிடம் கேட்டார். நெஃப்தாவில் எங்கள் பேரீச்சம்பழக் கம்பெனியின் சுவரில் பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி, பழம் வந்து இறங்குவதிலிருந்து லாரி ஏறும்வரை எந்த வேலை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஆளுக்கொரு கட்டம் போட்டு, கோடிழுத்து வரைந்துகொண்டிருந்தார். சும்மா இருப்பவர்களைக் கண்டுபிடித்து வேலையைவிட்டு அனுப்பத்தான் சின்ன முதலாளி அவரை வரவழைத்தார் என்று எங்களுக்குத் தெரியும்.

“அப்பாகிட்ட,” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“யாரு?”

“லஸ்ஹரண்ணன்கிட்ட மேடம்,” என்றார் மப்ரூக்கா அக்கா. “இவ வாயில கொட்டை சிக்கிக்கிச்சு.”

பழம் பிரிக்கிற பெண்கள் சிரித்தார்கள்.

போன அறுவடையில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருடைய எடைபோடும் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பார்த்தார்கள். அவர் குளிர் அறை வாசலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பார். பெரிய முதலாளி தெரிந்தும் பேசாமல் இருந்தார். இப்போது கம்பெனி மகன் கையில்.

“யாரைக் கேட்டாலும் லஸ்ஹரண்ணன் பேரைச் சொல்லுங்கடி. அவரில்லாம ஒண்ணும் நடக்காதுன்னு அந்தம்மாவுக்குப் புரியணும்,” என்று மப்ரூக்கா அக்கா முதல்நாளே தேநீர் ஊற்றும்போது சொல்லியிருந்தார்.

எல்லோரும் சொன்னார்கள். லாரி ஓட்டுகிற ஹெடிகூடச் சொன்னான். மாலைக்குள் எல்லாக் கோடுகளும் அப்பாவின் கட்டத்தில் வந்து முட்டி நின்றன.

“பாருடி, உங்கப்பன்தான் இங்க முதலாளி!” அக்கா என் இடுப்பில் கிள்ளினார். அப்பா தூரத்திலிருந்து சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

சின்ன முதலாளி வந்ததும் மேடம் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.

“லோடு ஏன் லேட்டாகுதுன்னு கேட்டீங்கள்ல? எல்லாம் ஒரே ஆள்கிட்ட போய் நின்னுடுது. இவரை எடுத்துட்டா பெட்டி நேரா லாரிக்குப் போயிடும்.”

“ஐயோ, இல்ல மேடம்!” மப்ரூக்கா அக்கா பதறி ஓடினார். “அவரால எதுவும் நிக்கல. அவர் எந்த வேலையும் செய்யறதே...”

முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா எழுந்து இடக்கையால் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. உதவப் போன என் கையை மெல்ல விலக்கினார். எப்படியோ கழற்றி, தராசின்மேல் வைத்தார். முள் கொஞ்சம் ஆடி நின்றது.

தாளையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார்.