ஐந்து வாசல் வேப்பிலை

மண்ணரையில் ஐந்து குடித்தனம் வரிசையாக இருந்த லைன் வீட்டில் முதலில் வேப்பிலை கட்டியவள் நாகஜோதிதான். அம்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கோ தடுப்பூசி போட்ட பிள்ளைகள் செத்துவிட்டதாக, லைன் பெண்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒரே பேச்சு. நிஜமா புரளியா என்று ஒருத்தியும் விசாரிக்கவில்லை. அவள் மகள் ஜோதிகாவுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அம்மைத் தடுப்பூசி போட அந்தப் புதன்கிழமை நர்ஸ் கிருத்திகா வருவாள். வேண்டாமென்றால் விடுவாளா? வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் மட்டும் எந்தக் கொம்பனும் நுழைய மாட்டான்!

கிருத்திகா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைக் கும்பிட்டாள். "தண்ணி ஊத்துனதும் சொல்லுங்க்கா, அப்பறம் வர்றேன்" என்று ஊசி மருந்து இருந்த ஐஸ் பெட்டியோடு போய்விட்டாள். நாகஜோதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளைப் பார்த்து அடுத்த புதனுக்குள் ஐந்து வாசலிலும் வேப்பிலை.

அதற்கப்புறம் லைனே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் குழம்பு தாளிக்கவில்லை, சத்தமாகப் பேசவில்லை. கடைசி வீட்டு ராக்கம்மாள் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் கதவு சாத்தியே கிடந்தது. உள்ளிருந்து மஞ்சள் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் புதன் காலை, ஜோதிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நாகஜோதி அந்தக் கதவைத் தட்டினாள்.

"வராத தாயி. ஆத்தா வந்துருக்கா."

"அட, எங்கிட்டயே நடிக்கிறியாக்கா? எல்லா வீட்டுலயுந்தான் வந்துருக்கா!" கதவைத் தள்ளி உள்ளே போய்ப் பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டாள்.

உள்ளே இருட்டு. ராக்கம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாயில் வெள்ளை வேட்டிக்கு அடியில் எதுவோ அசைந்தது. ஜோதிகா தவழ்ந்து போய் வேட்டியை இழுத்தாள். ராக்கம்மாளின் மகன் தவசி. நாலு வயசுப் பிள்ளைக்கு முகமெல்லாம் செந்தடிப்பு, கண் திறக்க முடியவில்லை. அவன் இருமிய இருமல் ஜோதிகாவின் முகத்தில் பட்டது.

"எல்லார்ட்டயும் சொன்னேன் தாயி. ஒருத்தரும் நம்பல" என்றாள் ராக்கம்மாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

நாகஜோதி பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். வெளியே கிருத்திகா ஐந்து வாசலையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா! எங்க வீட்டுல பொய்யிங்க! நாந்தான் கட்டுனேன். ஊசி போடுங்க, இப்பவே போடுங்க!"

கிருத்திகா ஐஸ் பெட்டியைத் திறந்து ஊசியைப் போட்டாள். தவசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவுக்குச் சொன்னாள். போகும்போது, "இன்னிக்குத்தான் ஒட்டியிருந்தா ஊசி காப்பாத்துமுங்க. முன்னாலயே ஒட்டியிருந்தா நம்ம கையில இல்லீங்க்கா. ரெண்டு வாரம் பாக்கோணும்" என்றாள்.

நாகஜோதி வீட்டுக்குள் வந்து மாரியாத்தா படத்துக்கு முன்னால் நின்றாள். கும்பிடக் கை எழவில்லை. வந்திருக்கிறாள் என்று யார் பேரில் பொய் சொன்னாளோ, அவளிடம்தானே இப்போது வராதே என்று கெஞ்ச வேண்டும்!