செத்தவன் துப்பாக்கி

உள்ளங்கை விரிந்து கிடக்கிறது, வானத்தைப் பார்த்து, விரல்கள் லேசாக மடங்கி, யாரோ எதையோ தருகிறேன் என்று சொல்லி, அதை வாங்க நீட்டியபடியே தூங்கிப்போனவன் கை மாதிரி, அதன் மேல் நான் குனிந்து நிற்கிறேன், என் கையில் நாட்டுத் துப்பாக்கி, பழைய குழாயும் மரக்கட்டையும் சேர்த்துச் செய்தது, இதை அந்த விரல்களுக்கு நடுவில் சொருகிவிட்டு நகர்ந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான் என் வேலை, படுத்திருக்கும் எட்வின், நாடகத்திலிருந்து வந்த நடிகர், கண்ணைத் திறக்காமலே சீக்கிரம் வைங்க மேடம், ரோட்டுத் தாரு சுடுது, இன்னும் ரெண்டு நிமிஷம் போனா நெஜமாவே செத்துருவேன் என்கிறார், செத்தவங்க பேசக்கூடாது எட்வின் என்று நான் சொல்லவேண்டும், மூன்று நாளாக இதே ஜோக்கைத்தான் நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இன்று வாய் வரவில்லை, காலை எட்டு மணியிலிருந்தே எனக்கு வாய் வரவில்லை, தலைக்குள் யாரோ ஓங்கி ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுவிட்டார்கள், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது, விழுந்து ஓயவில்லை.

நான் இந்தப் படத்தில் கன்டினியுட்டி பார்க்கிறவள், பாதிப்பேருக்கு என் பெயரே தெரியாது, கன்டினியுட்டி இங்க வாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு ஷாட்டில் சட்டையில் இரண்டு பித்தான் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் இரண்டு, டீ கிளாஸில் பாதி டீ என்றால் பாதி, அதைப் பார்த்து, போட்டோ எடுத்து, நோட்டில் எழுதவேண்டும், இது துப்பாக்கிப் படம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு துப்பாக்கி, என் நோட்டின் முதல் பக்கமே அதுதான், ஹீரோ போலீஸ் அதிகாரிக்குக் கருப்புப் பிஸ்டல், வலது இடுப்பு, உறை திறந்தே இருக்கும், வில்லனுக்கு வெள்ளைக் கைப்பிடி ரிவால்வர், அவன் அதைத் துடைத்துக்கொண்டே பேசுவான், கான்ஸ்டபிள்களுக்கு மரத் துப்பாக்கி, ஓடும்போது ரப்பர், க்ளோசப்புக்கு இரும்பு, எல்லாம் படங்களுக்குத் துப்பாக்கி வாடகைக்குத் தரும் யாகூப் பாயின் தகரப்பெட்டியில் வரும், முதல் நாள் அந்தப் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் வெட்டி, குங்குமம் தடவி, கற்பூரம் காட்டினார்கள், பாய் ஓரமாக நின்று பூசாரியைப் பார்த்து, பொட்டு வைக்கறதுன்னா மூடிமேல வைப்பா, கன் மேல வச்சா துரு ஏறும் என்றார், பெட்டிக்குள் கம்பளித்துணி விரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர், ஹீரோ, வில்லன், போலீஸ் ஒண்ணு, போலீஸ் ரெண்டு, கடைசியில் இந்த நாட்டுத் துப்பாக்கிக்கு மட்டும் பாத்திரத்தின் பெயர் அவருக்கு ஞாபகம் வராமல் செத்தவன் என்று எழுதியிருந்தார், நானும் நோட்டில் அப்படியே எழுதினேன், செத்தவன், நாட்டுத் துப்பாக்கி, வலது கை, எழுதியது நான்தான், என் கையெழுத்துதான், நல்ல கையெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து.

காலையில் இயக்குநர் சசிதரன் சார் ஒரு பைலைக் கொடுத்தார், இது நெஜமா நடந்த என்கவுன்டர்மா, ஒரு ரிட்டயர்டு போலீஸ் போட்டோகிராபர்கிட்ட வாங்குனது, இதுல இருக்கிற மாதிரியே பாடி கெடக்கணும், கை கால் எல்லாம் அப்படியே மேட்ச் பண்ணிடு என்றார், சரி சார் என்று நாற்காலியில் உட்கார்ந்து திறந்தேன், கால்வாய்ப் பாலம், ரோட்டில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், கண்ணை மறைத்து முகத்தின் மேல் கருப்புப் பட்டை, வலது கையில் நாட்டுத் துப்பாக்கி, நீலக் கோடு போட்ட சட்டை, அந்தச் சட்டையின் மூன்றாவது பித்தான் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம், வெள்ளைப் பித்தானைச் சிவப்பு நூலால் பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்கிறது, வீட்டில் வேறு நூல் இல்லை, அது என் யூனிபார்ம் பித்தான், தைத்தது நான், அப்போது நான் பத்தாம் வகுப்பு, காலையில் அவசரம், என் அண்ணன் காளிராஜ் வெற்று உடம்போடு வாசலில் நின்று கையை நீட்டுகிறான், குடு பிள்ள, வண்டிக்கு நேரமாச்சு, காலண்டர் லோடு காத்துக் கெடக்கு, நீ என்ன கப்பலா கட்டுற என்கிறான், நான் பல்லால் நூலைக் கடித்துவிட்டுச் சட்டையை அவன் மூஞ்சியில் எறிகிறேன், கையில் கொடுக்கவில்லை, எறிந்தேன், அவன் சிரித்துக்கொண்டே இடது கையால் பித்தானைப் போடுகிறான், எல்லாமே அவனுக்கு இடது கைதான், பந்தியில் இடது கையால் சாப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவன், வலது கையால் ஒரு கல்லைக்கூட நேராக எறியத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவன் வரவில்லை, லோடு இறக்குவதில் வந்த சண்டையில் மேஸ்திரியை அடித்த ஒரு கேஸ் அவன்மேல் இருந்தது, அதற்கு வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், போன இடத்தில் உட்காரவைத்திருப்பார்கள் என்று நினைத்தோம், அடுத்த நாள் பேப்பரில் வந்தான், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பா நான் பிறந்த வருஷமே போய்விட்டார், தெருவே வாசலில் நிற்கிறது, நான் சத்தமாகப் படித்தேன், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி தட்டாமல் தடுமாறாமல், பிடிக்கச் சென்ற போலீசாரைத் துப்பாக்கியால் சுட்டான், தற்காப்புக்காகப் போலீசார் திருப்பிச் சுட்டதில், அம்மா என் கையைப் பிடித்து, ஏ பிள்ள, அவன் கையில துப்பாக்கி எப்பிடி வந்துச்சு, தீபாவளிக்குப் பொட்டு வெடி வாங்கக் காசு கேப்பான், அவனுக்கு ஏது துப்பாக்கி என்றாள், பேப்பர்ல போட்டிருக்கும்மா என்றேன், அப்படித்தான் சொன்னேன், பேப்பரில் போட்டால் அது உண்மை, பாடப்புத்தகத்தில் இருந்தால் அது உண்மை, எங்கள் வீட்டில் அச்செழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான், அதை நம்பித்தான் நான் மேலே ஏறி வந்தேன், கல்லூரி விண்ணப்பத்தில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன், ஹாஸ்டலில் யாராவது கேட்டால் ஒரே பொண்ணு என்றேன், ஒன்பது வருஷம், இரவல் துப்பாக்கி வாங்கியிருப்பான், சேர்க்கை சரியில்லை, திமிர் பிடித்தவன், எங்களை நினைத்தானா என்று அவன்மேல் நான் கோபமாகவே இருந்தேன், அந்தக் கோபத்தில்தான் படித்தேன், டிகிரி வாங்கினேன், அம்மா மட்டும் ஒரு நாளும் அவனைத் திட்டவில்லை, அதற்கும் எனக்குக் கோபம்.

பைலில் இரண்டாவது படம் இருந்தது, அதே பாலம், அதே சட்டை, அதே கருப்புப் பட்டை, கை மட்டும் காலி, உள்ளங்கை விரிந்து, விரல் மடங்கி, ஒன்றுமே இல்லாமல், நான் சசிதரன் சாரிடம் போய், சார், இதுல ஒண்ணுல துப்பாக்கி இருக்கு, ஒண்ணுல இல்ல, எத மேட்ச் பண்றது என்று கேட்டேன், என் குரல் எனக்கே பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது, அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், மொதல் போட்டோதாம்மா, அப்புறம் எவிடென்ஸுக்குத் துப்பாக்கிய எடுத்திருப்பாங்க, அது ரெண்டாவது என்றார், நியாயமான பதில், யாரும் நம்புவார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன், ஆனால் கண் சும்மா இருக்கவில்லை, ஐந்து படத்தில் பழகிய கண், கலைந்து கிடக்கும் ஷாட்டுகளை வரிசைப்படுத்த ஒரே வழிதான் இருக்கிறது, திரும்பிப் போகாததைப் பார்க்கவேண்டும், உருகும் ஐஸ், எரியும் சிகரெட், பரவும் ரத்தம், துப்பாக்கி இல்லாத படத்தில் ரத்தம் முழங்கையோடு நிற்கிறது, துப்பாக்கி இருக்கும் படத்தில் அது முழங்கையைத் தாண்டி, ஒற்றைச் செருப்பைத் தாண்டி, ரோட்டின் வெள்ளைக் கோடுவரை போயிருக்கிறது, ரத்தம் திரும்பி உடம்புக்குள் போகாது, முதலில் கை காலி, பிறகுதான் துப்பாக்கி, நடுவில் யாரோ குனிந்து வைத்திருக்கிறார்கள், இப்போது நான் குனிந்து நிற்கிற மாதிரியே, அவனுக்கு இடது கை என்றுகூடத் தெரியாத யாரோ, எனக்கு அழுகை வரவில்லை, காது அடைத்துக்கொண்டது, எதிரில் யாகூப் பாய் வாயசைப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை, இன்னாம்மா பேயடிச்ச மாதிரி இருக்க, சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார், இந்தா, செத்தவனோடது, முனையக் கீழ பாத்துப் புடி, டம்மின்னாலும் மனுசனுக்கு நேரா நீட்டாத என்று கொடுத்திருக்கிறார், நான் வாங்கிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறேன்.

கன்டினியுட்டி, ரெடியா, மைக்கில் சார் குரல், எட்வினின் கை விரிந்து கிடக்கிறது, ரெடி சார் என்கிறேன், துப்பாக்கியைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு நகர்கிறேன், கிரேன் மேலே போகிறது, குழாயைத் திறந்துவிடுகிறார்கள், ரத்தத்துக்கான சிவப்புப் பாகு எட்வினின் முதுகுக்கு அடியிலிருந்து மெதுவாகக் கிளம்பி முழங்கையைத் தொடுகிறது, தாண்டுகிறது, ஹீரோ நடந்து வந்து நிழல் விழ நிற்கிறார், எல்லோரும் ரத்தத்தையும் ஹீரோவையும்தான் பார்க்கிறார்கள், கட், ஓகே, கைதட்டல், சார் அடுத்து கைக்கு க்ளோசப் என்றார், கேமராவை இறக்கினார்கள், அப்போதுதான் பார்த்தார், துப்பாக்கி எங்கம்மா, பையில சார், பையிலயா, மானிட்டரில் ஷாட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கை காலி, ரோடு முழுக்கப் பாகு ஊறிவிட்டது, மாற்றுச் சட்டை இல்லை, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை, இப்ப வச்சுத் தொலை, க்ளோசப்பாவது எடுப்போம் என்றார், மேட்ச் ஆகாது சார் என்றேன், சார் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார், அறிவிருக்கா ஒனக்கு, டிகிரி முடிச்சவதான நீ, அந்த ஷாட்ல கை காலி, இந்த ஷாட்ல துப்பாக்கி, பாக்கறவன் கேக்கமாட்டானா, நடுவுல எவன் வந்து வச்சான்னு.

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார், நான் பைலிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன், காலியை முதலில், துப்பாக்கியை இரண்டாவதாக, ரத்தம் எங்கே நிற்கிறது, எங்கே போயிருக்கிறது என்று நகத்தால் தொட்டுக் காட்டினேன், அவர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார், பின்னாலிருந்து இணை இயக்குநர் தயாளன், டென்சன் ஆகாதீங்க சார், கம்ப்யூட்டர்ல கையில வச்சிக்கலாம், எவனுக்கும் தெரியாது என்றார், எவ்வளவு சுலபமாகச் சொன்னார், இரண்டாவது முறை வைக்கவும் ஆள் இருந்தது, நான் திரும்பி, அது எங்க அண்ணன் சார் என்றேன், யாரு, எட்வினா என்று தயாளன் சிரித்தார், சசிதரன் சார் சிரிக்கவில்லை, படத்தில் அந்த வெள்ளைப் பித்தானை நான் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார், மைக் இல்லாமல், சாப்பாட்டுக்கு விடுங்கப்பா என்றார், க்ளோசப்பை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுக்கலாம் என்றும் சொல்லவில்லை, இரண்டு படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார், யாகூப் பாய் என்னிடம் வந்து குடும்மா அத, உன் கைக்கு எதுக்கு என்று துப்பாக்கியை வாங்கிக் கம்பளியில் படுக்கவைத்தார், செத்தவன் என்று எழுதிய பிளாஸ்திரியை நகத்தால் கிளறிப் பார்த்தார், அது வெயிலில் ஒட்டிப்போயிருந்தது, பாதிதான் வந்தது.

வேப்பமரத்துக்குக் கீழே போய் அம்மாவுக்குப் போன் போட்டேன், அவள் காலண்டர் பிரஸ்ஸில் தாள்களின் தலையில் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தாள், மெஷின் சத்தம், என்ன பிள்ள இந்நேரத்துல, சோறு தின்னியா, அம்மா, அண்ணன் கையில ஒண்ணும் இல்லம்மா, துப்பாக்கி இல்ல, அவங்கதான் வச்சாங்க, நான் போட்டோ பாத்தேன், பித்தான் இருந்துச்சு, நான் தச்ச பித்தான், மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் இரண்டு தகரம் அடித்தாள், பிறகு கோபம் இல்லாமல், நேரம் கேட்டால் நேரம் சொல்கிற மாதிரி, அது எனக்குத் தெரியுமே பிள்ள, ஒனக்குத்தான் படிச்சுப் பாத்துத் தெரியவேண்டியிருந்துச்சு என்றாள்.

தலைக்குள் சுற்றிய தட்டு விழுந்து ஓய்ந்தது, மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், தூரத்தில் எட்வின் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார், கழுவக் கழுவச் சிவப்பாக ஓடுகிறது, நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் கடைசி வரியை அடித்தேன், செத்தவன் என்பதை அடித்துக் காளிராஜ் என்று எழுதினேன், நாட்டுத் துப்பாக்கி என்பதை அடித்தேன், அதற்குப் பதிலாக ஒன்றும் எழுதவில்லை, கண்ணை மூடினால் வாசலில் நிற்கிறான், வெற்று உடம்பு, குடு பிள்ள நேரமாச்சு என்கிறான், உள்ளங்கை விரிந்திருக்கிறது, விரல்கள் லேசாக மடங்கி, என்னிடம் சட்டை இல்லை, பித்தான் இல்லை, அவன் கை அப்படியே நீண்டிருக்கிறது, நான் அதில் ஒன்றும் வைக்கவில்லை.